கண்ணாடிப் பெட்டிக்குள் நுழையும் தோட்டத்து மருந்து

ஒரு பெண் டாரண்டுலா தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரே பொந்துக்குள் கழித்துவிடும். மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி போன்ற சில இனங்களில் அந்த வாழ்நாள் 20 ஆண்டுகளையும் தாண்டும். இரை வாசலுக்கு வந்தால் பாயும், வராவிட்டால் காத்திருக்கும். அதை வளர்க்க ஆசைப்படுகிறவர் அமைத்துத் தர வேண்டியவை கொஞ்சம்தான்: ஒளிய ஓர் இடம், தோண்ட மண், குடிக்கத் தண்ணீர், ஓடும் காற்று. இவற்றுக்கு மேல் பெட்டிக்குள் போகும் மண்டையோட்டுப் பொம்மையும் வண்ணக் கூழாங்கல்லும் எல்இடி விளக்கும் பார்ப்பவரின் கண்ணுக்காக வைப்பவை.

மலேசியாவின் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத்தில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் இளைஞருக்கு அலங்காரப் பொருள் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை என்று தோன்றும். தாமான் எனும் குடியிருப்பைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். காய்ந்த மட்டை, பாசி பிடித்த மரத்துண்டு, மரத்தில் தொற்றி வளரும் பெரணி, மக்கிய சருகு எல்லாம் காலடியில் கிடக்கின்றன. காசு கிடையாது, பார்க்கவும் அசல் காடு போலவே இருக்கும்.

அவற்றில் ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் நடந்தது பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றிலிருந்து இந்த வட்டாரத்து மண் ரப்பரையும் செம்பனையையும் மாறி மாறிச் சுமந்து வருகிறது. மருந்தில்லாமல் அது நடக்கவில்லை. முதிர்ந்த செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, அழுகும் அடிமரங்களில் காண்டாமிருக வண்டு பெருகும். இளங்கன்றுகளின் குருத்தை அது துளைத்துவிடும் என்பதால் குருத்தில் சைபர்மெத்ரின் என்னும் பூச்சிமருந்து அடிக்கப்படுகிறது. களைக்குத் தனி மருந்து, இலை தின்னும் புழுவுக்குத் தனி மருந்து. முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள். அந்த வாடை துணியிலும் தோலிலும் எத்தனை நாள் தங்கும் என்று தோட்டத்தில் வளர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. களைக்கொல்லியான பாராகுவாட் இந்த நாட்டில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான்.

சிலந்திக்குக் களைக்கொல்லியைவிடப் பூச்சிமருந்துதான் பெரிய எமன். சைபர்மெத்ரின் அடங்கிய பைரித்ராய்டு குடும்பம் நரம்பைத் தாக்குகிறது. நரம்பணுவில் சோடியம் போய்வரும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதால், ஒருமுறை துடித்து அடங்க வேண்டிய நரம்பு விடாமல் துடிக்கிறது. மனித உடல் இந்த மருந்தைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். சிலந்தியால் அது இயலாது. உடல் சிறியது, உடற்சூட்டைத் தானே உயர்த்திக்கொள்ள முடியாத பிராணி, இயக்கமும் மந்தம். அதிலும் டாரண்டுலா நாள் முழுவதும் எட்டுக் கால்களையும் ஊன்றித் தரையோடு தரையாகக் கிடக்கிறது. காலின் நுண்மயிர்களை வாயால் கோதிச் சுத்தம் செய்கிறது. மருந்து படிந்த மரத்துண்டு பெட்டிக்குள் இருந்தால், காலிலிருந்து அது வாய்க்குப் போவதற்கு வேறு வழி வேண்டியதில்லை.

மருந்து தாக்கிய சிலந்தி இயல்பான நிதானத்தை இழக்கும். கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், நேர்கோட்டில் நடக்க முடியாது, இரையைப் பிடிக்கப் பாய்ந்து தவறும். வளர்ப்போர் இந்த நிலையை டிகேஎஸ் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பூச்சிமருந்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பெட்டியை முழுக்கக் காலிசெய்து, புதிய காகிதத் துண்டு விரித்து, தண்ணீர் வைத்துக் காத்திருப்பது ஒன்றே வழி.

இதே அறிகுறியைத் தாகத்தோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. டாரண்டுலாவின் காலில் சில முக்கிய மூட்டுகளை நீட்டத் தசையே இல்லை. உடலுக்குள் ஓடும் திரவத்தின் அழுத்தம்தான் காலை நீட்டுகிறது. நீர் வற்றினால் அழுத்தம் குறையும், கால்கள் வயிற்றுக்கடியில் சுருளும். அதனால் எந்தப் பெட்டியிலும் தண்ணீர்க் கிண்ணம் அலங்காரத்துக்கு முந்தியது. கிண்ணத்தில் பஞ்சு போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அழுக்கையும் பூஞ்சணத்தையும் அது வளர்க்குமே தவிர வேறு பயனில்லை. தோலுரிக்கும் நாளில் சிலந்தி மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதென்று எடுத்துப் போடாமல் விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் புதுத் தோலோடு எழும்.

தோட்டத்து மரத்துண்டை அடுப்பில் சுட்டோ கொதிநீரில் போட்டோ எடுத்தால் போதும் என்று வளர்ப்போர் நடுவே ஓர் ஆலோசனை உலவுகிறது. உண்ணியையும் பூச்சிமுட்டையையும் கொல்ல அது உதவும். சைபர்மெத்ரினை அது அசைக்காது. அந்த மருந்து தண்ணீரில் கரைவது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. வீட்டு அடுப்பின் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். மரப்பட்டையின் மெழுகிலும் மக்கிலும் ஒட்டிக்கொள்ளும். வெயில் அதைச் சிதைக்கும் என்பது உண்மைதான். செம்பனை நிழலில் சருகுக்கடியில் கிடந்த துண்டுக்கு எந்த வெயில் கிடைத்திருக்கும்?

செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்வரப்பில் வலைவீசிப் பிடிக்கும் வெட்டுக்கிளிக்கும் இதே கதைதான். சாகாத அளவு மருந்து குடித்த பூச்சி சிலந்தியின் வயிற்றுக்குப் போகிறது. முராய் குருவி வளர்ப்போருக்காகப் பறவைக்கடைகளில் விற்கும் வளர்ப்புச் சில்வண்டு மலிவாகவே கிடைக்கிறது. அதை வாங்கிப் போடுவதே நல்லது.

அப்படியானால் பெட்டிக்குள் எதை வைப்பது? தோட்டத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவரலாமென்றால், அது ரப்பர்ப் பால் பிடிக்கும் பழைய மங்கு. மெருகேற்றிய மண் மங்கு எதையும் உறிஞ்சாது. சோப்பும் சுடுநீரும் விட்டுத் தேய்த்துப் பலமுறை அலசினால் சுத்தமாகிவிடும். பாதியளவு மண்ணில் புதைத்துச் சாய்த்து வைத்தால் தரைவாழ் சிலந்திக்கு இதைவிட நல்ல குகை வேண்டியதில்லை. மரம் உறிஞ்சும், மங்கு உறிஞ்சாது என்பதே இங்கே கணக்கு. மண்ணுக்கு, உரம் கலக்காத தேங்காய் நார்த்தூள் கட்டியை வாங்கி ஊறவைத்து, உப்புப் போக அலசிப் பிழிந்து, கையில் பிடித்தால் உருண்டையாகி நீர் சொட்டாத பதத்தில் அழுத்திப் பரப்பலாம்.

தரைவாழ் இனத்துக்குப் பெட்டியின் உயரம் ஆபத்து. மண்ணிலிருந்து மூடிவரை உள்ள இடைவெளி, சிலந்தியின் கால்விரிவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. கனத்த வயிறும் மெல்லிய தோலும் கொண்ட உயிர் அது. கண்ணாடியில் ஏறி, கூரான கல்மேல் விழுந்தால் வயிறு கிழியும். கிழிந்தால் உடல் திரவம் வடிந்து முடிந்துவிடும். கம்பிவலை மூடியும் வேண்டாம். பாதத்தின் நுண்நகம் வலைக்கண்ணில் மாட்டிக் காலை இழந்த சிலந்திகள் உண்டு. துளையிட்ட அக்ரிலிக் மூடி போதும்.

மரவாழ் இனங்களுக்கு இந்த விதி தலைகீழ். நெடுக நிற்கும் பெட்டி, அதில் சாய்த்து நிறுத்திய மரக்குழாய், பக்கவாட்டில் காற்றுத்துளை. இந்தத் தீபகற்பத்தில் வாழும் ஓமோதைமஸ் பேரினச் சிலந்திகள் மரப்பொந்துவாசிகள். அவற்றில் நீலநிறக் கால்களுடைய ஒன்று 1924இல் விவரிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பொசிலோதீரியா ரீகாலிஸ் என்னும் மரச்சிலந்தி 1899இல் அறிவியலுக்கு அறிமுகமானது அரக்கோணத்து மாதிரியைக் கொண்டுதான். இராமேசுவரத்து மரங்களில் கண்ட இன்னொன்று 2004இல் அங்குள்ள ஹனுமவிலாசம் கோயிலின் பெயரைப் பெற்றது. பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019 நவம்பரிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மலேசியாவில் அதைச் செயல்படுத்துவது 2008ஆம் ஆண்டின் 686ஆம் சட்டம். தாள் இல்லாமல் விற்க வரும் சிலந்தியை வாங்காதீர்கள். காட்டோரத்தில் கண்ட சிலந்தியைப் பிடித்துக் கொண்டுவருவது அதைவிட மோசம். ஓமோதைமஸும் பொசிலோதீரியாவும் கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும் என்பதையும் வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மரக்குழாய்க்கு இறக்குமதிக் கார்க் பட்டை விலை அதிகம்தான். வீட்டுக் கொல்லையில் மருந்தே காணாத மூங்கில் இருந்தால் ஒரு கணு வெட்டிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். கொல்லையின் கதை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டுச் சூடேற்றும் தட்டு வாங்குவோரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கடலோரச் சிலாங்கூரில் இரவில் 24 பாகையும் பகலில் 32 பாகையும் இருக்கும். காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. இங்கே சிலந்தியைக் கொல்வது குளிராக இருக்காது. மூடிய பெட்டியில் தேங்கும் ஈரமும் பூஞ்சணமும்தான். தினமும் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, எதிரெதிர்ப் பக்கங்களில் துளை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

செடி வைத்து, பாசி வளர்த்து, பெட்டிக்குள் சிறு காட்டையே உருவாக்குவதில்தான் இந்தக் கலையின் இன்பம் என்போரும் இருக்கிறார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் நாற்றங்காலில் வாங்கும் செடிக்குள்ளேயே மருந்து ஓடலாம். இமிடாகுளோபிரிட் போன்றவை வேர்வழி ஏறி, இலை, தண்டு எங்கும் பரவுபவை. மேலே கழுவினால் போகாது. வீட்டு மணிபிளான்டில் ஒரு கொடியைக் கிள்ளி, தண்ணீரில் வேர்விட வைத்து நடுவது பாதுகாப்பு.

இத்தனையும் செய்தபின்னும் வீட்டுக்குள் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. கொசுவர்த்தி, மின்சாரக் கொசுவிரட்டி, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது அதே பைரித்ராய்டு குடும்பம். சிலந்திப் பெட்டி இருக்கும் அறையில் இவை மூன்றுக்கும் இடமில்லை என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கட்டிலுக்குக் கொசுவலை கட்டினால் இரு தரப்புக்கும் நிம்மதி. எறும்பு வந்தால் மருந்துப் பொடி தூவாமல், பெட்டியை நீர்த்தட்டின் நடுவே உயர்த்தி வைக்கலாம்.

தாமானில் கொசுவை ஒழிக்கப் புகை மருந்து அடிக்கும் நாள்தான் மிகக் கடினமானது. 2023இல் மலேசியாவில் டெங்கி காய்ச்சல் 1,20,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. மாநிலங்களில் சிலாங்கூர்தான் முன்னணியில் இருந்தது. மனித உயிருக்காக அடிக்கும் புகையைக் குறைசொல்ல எவருக்கும் நியாயம் இல்லை. அறிவிப்பு வந்த அன்றே பெட்டியை வேறு தாமானில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றுவது முதல் வழி. அதற்கு நேரமில்லையென்றால், சிலந்தியைச் சிறு டப்பாவில் எடுத்து, அதைப் பெரிய காற்றுப்புகாத பெட்டிக்குள் வைத்து, வீட்டின் உள்ளறையில் கதவிடுக்கை ஈரத்துணியால் அடைக்க வேண்டும். டாரண்டுலாவின் மூச்சுத் தேவை மிகக் குறைவு. சில மணி நேரத்தைப் பெரிய பெட்டிக்குள் உள்ள காற்றிலேயே கழித்துவிடும். புகை அடங்கியதும் சன்னல்களை அகலத் திறந்து, பெட்டி நிற்கும் மேசையையும் கண்ணாடியின் வெளிப்புறத்தையும் சோப்புநீரால் துடைத்து, கையையும் கழுவிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் மிஞ்சிய சில்வண்டையும் கிண்ணத்துத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மறுநாள் சிலந்தியைத் திரும்ப விடலாம்.