பட்ட மரத்தில் ஓர் உயிர்க்கோடு

கல்லைச் செதுக்கும் சிற்பிக்கு ஒரு வசதி உண்டு. கல் வாடுவதில்லை; உளி பட்ட இடத்தில் நோய் கொள்வதில்லை. உயிருள்ள மரத்தைச் செதுக்கும் கலைஞனுக்கோ அவ்வசதி இல்லை. அவன் கையிலுள்ள உளி ஒரு விரற்கடை விலகினால் சிற்பம் மட்டுமன்று, மரமே மடிந்துவிடும். அத்தகைய கலையொன்று ஜப்பானில் வளர்ந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. தொட்டியில் வளரும் பைன் மரத்தின் அடிமரத்தில் பட்டையை நீக்கி, உள்மரத்தைச் செதுக்கி, அதற்கு முதுமைத் தோற்றம் அளிக்கும் கலையே அது. அதன் இயல்பையும் முறையையும் எல்லையையும் இக்கட்டுரையில் காண்போம்.

போன்சாய் என்னும் கலை

‘போன்சாய்’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் ‘தட்டில் நட்டது’ என்பது பொருள். சீனத்தில் தோன்றிய இக்கலை ஜப்பானுக்குச் சென்று தனக்கென ஒரு மரபை வகுத்துக்கொண்டது. 1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் டோக்கியோவைச் சிதைத்த பெருநிலநடுக்கத்திற்குப் பின், அங்கிருந்த போன்சாய் வளர்ப்போர் பலர் வடக்கே ஓமியா என்னும் ஊரில் குடியேறினர். 1925இல் அங்கே போன்சாய்க் கிராமம் உருவாயிற்று. அக்கிராமம் இன்றும் இக்கலையின் தலைமைப் பீடமாக விளங்குகிறது.

அவ்வூரினரான மசாஹிகோ கிமுரா (பிறப்பு 1940) மின்விசையால் சுழலும் வெட்டுக்கருவிகளை இக்கலையில் துணிந்து பயன்படுத்தியவர். கைவினைஞர் ஒருவர் பல நாள் பாடுபட்டுச் செய்யும் வேலையைச் சில மணிநேரத்தில் செய்ய அவர் வழிகாட்டினார். மரபைப் போற்றுவோர் சிலர் முகம் சுளித்தனர்; ஆயினும் பின்னாளில் அம்முறை உலகெங்கும் பரவிற்று.

இயற்கை காட்டிய வழி

பட்ட மரத்தை அழகென்று கருதும் எண்ணம் எங்கிருந்து பிறந்தது? மலையுச்சியிலிருந்தே பிறந்தது எனலாம். உயர்ந்த மலைகளில் இடி, காற்று, பனிச்சுமை ஆகியவை மரங்களின் கிளைகளை முறிக்கின்றன, பட்டையை உரிக்கின்றன. வெளிப்பட்ட உள்மரம் வெயிலில் வெளுத்து எலும்புபோல் நிற்கிறது. அதன் ஓரமாக ஒரு பட்டைக்கீற்று மட்டும் உயிரோடு ஏறிச் சென்று, மேலே பசுமையைத் தாங்குகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து வெண்மலைத் தொடரிலுள்ள பிரிசில்கோன் பைன் மரங்கள் இதற்குச் சிறந்த சான்று. அவற்றுள் ‘மெதூசலா’ எனப் பெயரிடப்பட்ட மரம் 4,800 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எட்மண்ட் ஷுல்மன் என்னும் அறிஞர் 1957இல் அதன் ஆண்டு வளையங்களை எண்ணி வயதைக் கண்டார். அம்மலையின் முதுமரங்கள் பலவற்றில் அடிமரத்தின் பெரும்பகுதி பட்டுப்போக, குறுகிய பட்டைக்கீற்று ஒன்றே உயிரைச் சுமக்கிறது. இக்காட்சியையே போன்சாய்க் கலைஞன் ஒரு சாண் மரத்தில் காட்ட முயல்கிறான்.

பட்டையும் வைரமும்

இக்கலை எவ்வாறு இயலுகிறது என்பதை அறிய மரத்தின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். பட்டையின் உட்புறத்தில் உள்ள புளோயம் இலைகள் சமைத்த உணவை வேருக்குக் கொண்டு செல்கிறது. அதனை அடுத்துள்ள மெல்லிய கேம்பியம் புதிய திசுக்களை ஆக்குகிறது. அதற்கும் உள்ளே இருக்கும் இளமரம் வேர் உறிஞ்சிய நீரை மேலே ஏற்றுகிறது. நடுவில் இருப்பது வைரம். அதன் செல்கள் உயிரற்றவை. எனினும் மரத்தின் உறுதி அதனிடமே உள்ளது.

தொல்காப்பியர் உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் பிரித்தார். அகத்தே உள்ள காழே மரத்திற்கு இலக்கணம் என்று நம் இலக்கண நூல் கண்டது. அந்த அகக்காழைப் புறத்தே கொணர்ந்து காட்டுவதே இச்சிற்பக் கலை எனலாம். உயிர் விளிம்பில் இருக்கிறது. உறுதி நடுவில் இருக்கிறது. ஆதலின் நடுவைச் செதுக்கினாலும் விளிம்பு பிழைத்திருப்பின் மரம் வாழும். விளிம்பைச் சுற்றிலும் அறுத்துவிட்டாலோ நடு எவ்வளவு உறுதியாயினும் பயனில்லை.

ஜின், ஷாரி

பட்டுப்போன கிளையையோ நுனியையோ ஜப்பானியர் ‘ஜின்’ என்பர். நம் வாசகர்கள் அறிந்த அரபுச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஒலியொற்றுமையே உள்ளது. அடிமரத்தில் பட்டை நீங்கி வெளுத்த பகுதியை ‘ஷாரி’ என்பர். இச்சொல்லின் வரலாறு சுவையானது. உடலைக் குறிக்கும் ‘சரீர’ என்னும் வடசொல், பௌத்தத்தோடு சீனம் சென்று புனித எலும்பைக் குறித்து, ஜப்பானில் ‘ஷாரி’ ஆயிற்று. நாம் ‘சரீரம்’ என்று வழங்கும் சொல்லும் அவ்வேரிலிருந்து வந்ததே. வெளுத்த மரத்தை எலும்பாகக் கண்டவர் சூட்டிய பெயர் பொருத்தமானதே.

செய்முறை

ஒரு பைன் மரம் நெடிதாய், அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாய் வளர்ந்துவிட்டது எனக் கொள்வோம். அதற்கு முதுமரத்தின் சாயல் இராது. தாழ்ந்த கிளையொன்றைப் புதிய தலையாக நிமிர்த்தி, பழைய தலையை ஜின்னாக ஆக்கினால் மரம் குட்டையாகும். மேல்நோக்கி மெலிந்தும் தோன்றும்.

முதற்பணி கருவியை எடுப்பதன்று, பார்ப்பது. எந்தக் கிளைக்கு எந்த வேர் உணவூட்டுகிறது, மரத்தின் நார் நேராக ஏறுகிறதா முறுக்கி ஏறுகிறதா என்று ஆராய வேண்டும். எஞ்சும் ஒவ்வொரு கிளைக்கும் வேர்வரை இடையறாத பட்டைப்பாதை இருத்தல் வேண்டும். அப்பாதையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்ட பின்னரே கத்தியைத் தொடலாம். மரம் நோயின்றி வலுவாக இருப்பதும் இன்றியமையாதது.

பிசின் ஓட்டம் குறைந்திருக்கும் குளிர்காலமே பைனுக்கு ஏற்ற பருவம். நீக்க வேண்டிய கிளையை அடியோடு வெட்டாமல் சிறிது விட்டுவைப்பர். அதன் அடியில் வட்டமாகக் கீறிப் பட்டையை உரித்து, நுனியைக் குறட்டால் நசுக்கி நார் நாராகக் கிழிப்பர். வெட்டிய முனை மனிதன் வேலை என்று காட்டிக்கொடுக்கும். கிழிந்த முனை காற்றின் வேலைபோல் தோன்றும். அடிமரத்தில் குறித்த எல்லைக்குள் இரு கீறல்களிட்டு இடையிலுள்ள பட்டையை நீக்குவர். முதலாண்டில் குறுகிய கீற்றே போதும். மரம் தாங்குவதைக் கண்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அகலப்படுத்தலாம். உயிர்ப்பட்டையின் ஓரத்தில் காயமாற்றும் பசையைப் பூசுவர். காலப்போக்கில் அவ்வோரம் உருண்டு தடித்து, வெண்மரத்தின் மேல் நரம்புபோல் எழுந்து நிற்கும்.

உள்மரத்தைப் பருவெட்டாகக் குடையச் சுழல்கருவியும், நுண்வேலைக்குக் கையுளியும், வடுவை மறைக்கக் கம்பித் தூரிகையும் பயன்படும். கண்ணாடியும் முகமூடியும் அணியாமல் சுழல்கருவியைத் தொடுதல் ஆகாது. குடைந்த பள்ளத்தில் நீர் தேங்காதவாறு வடிகால் வைத்தல் வேண்டும். இறுதியில் கந்தகமும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைப் பூசுவர். அழுகிய முட்டையின் நாற்றமுடைய அக்கரைசல் முதலில் மஞ்சளாய் இருந்து, காய்ந்தபின் வெளுக்கும், பூஞ்சையைத் தடுக்கும். அது மண்ணில் விழாதபடி வேர்ப்பகுதியை மூடிவைப்பது வழக்கம். அவ்வாண்டில் தொட்டி மாற்றுவதைத் தவிர்த்து மரத்திற்கு ஓய்வளிப்பர்.

பைனுக்கே உரிய எச்சரிக்கை

ஜூனிப்பர் மரத்தின் பட்டமரம் நெடுநாள் நிற்கும். பைனின் இளமரமோ ஈரத்தில் விரைவில் உளுத்துப்போகும். பிசின் ஊறிய வைரமே தாக்குப்பிடிக்கும். ஆகவே மண்ணைத் தொடும் இடத்தில் ஷாரி அமைப்பதைத் தவிர்த்தல் நலம். மற்றொன்றும் உண்டு. கரும்பைனின் சிறப்பே வெடித்துத் தடித்த அதன் பட்டைதான். அப்பட்டை உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. உரிக்கவோ சில நிமிடங்களே ஆகும். உரித்ததை மீண்டும் ஒட்ட இயலாது. அதனால்தான் தேர்ந்தவர்கள் பைனில் உளியைத் தயங்கியே எடுக்கின்றனர்.

இது கொடுமையா?

ஒருவன் நட்ட மரத்தின் பயனை மனிதரோ பறவையோ துய்த்தால் அது அவனுக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவ்வழியில் வந்த நமக்கு, அழகுக்காக உயிர்மரத்தைக் கீறலாமா என்னும் வினா எழுவது இயல்பே. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. நலமான மரத்தை வேடிக்கைக்காக உரித்துக் கொல்பவன் செய்வது கலையன்று என்பதே நம் கருத்து. ஆனால் முறிந்த கிளையையும் பழைய வெட்டுக்காயத்தையும் உடைய மரம், ‘இனி உதவாது’ என்று எறியப்படும் நிலையில் இருக்கக்கூடும். அக்காயத்தையே அழகாக்கி, மேலும் பல தலைமுறை பேணி வளர்ப்பவன் அம்மரத்திற்கு வாழ்வளிக்கிறான். இரண்டுக்கும் கருவி ஒன்றே. வேறுபாடு எதை விட்டுவைத்தான் என்பதில் உள்ளது.

செதுக்கி முடித்த பைனைக் காண்போர் வெண்மரத்தின் வளைவுகளையே வியக்கின்றனர். அதை ஆக்கியவனோ ஒவ்வொரு நாளும் நீர் வார்க்கும்போது அதன் அருகில் ஏறிச் செல்லும் ஒற்றைப் பட்டைக்கீற்றைத்தான் முதலில் பார்க்கிறான். மேலே உள்ள ஒவ்வோர் ஊசியிலையும் அதனால்தான் பசுமையாக இருக்கிறது என்பதை அவன் அறிவான்.