ஒரே பருவக்காற்று, இரண்டு வழிகள்
கம்பம் பள்ளத்தாக்கின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எங்கே சிக்குகிறது?

ஜூன் மாதத்தில் சின்னமனூர் வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால், மலைமுகட்டில் மேகம் அப்பிக் கிடக்கும். ஊருக்குள் சாரல் விழுந்தாலே பெரிது. காற்று மட்டும் ஓயாமல் வீசும்; தார் விட்ட வாழைகளுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்காவிட்டால் ஒடிந்துவிடும்.

அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, கேரளச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி இறங்கும்போது ஈரம் வற்றிவிடுகிறது. வறண்ட அந்தக் காற்று கம்பம் கணவாய்க்குள் புகுந்து வேகம் பிடிக்கிறது. கேரளச் சரிவில் கொட்டிய மழையும் வேறு வழியாக நம்மிடம் வருகிறது. பொறியாளர் பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடவேண்டிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தில் கிழக்கே திருப்புகிறது. காற்று கணவாய் வழியாக, தண்ணீர் சுரங்கம் வழியாக. இரண்டுமே இங்கு மின்சாரமாகின்றன.

தண்ணீரின் கணக்கு

குமுளி மலைப்பாதையில் ஏறுபவர்கள், அந்தச் சுரங்க நீரை மலையிலிருந்து லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறக்கும் நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 1958இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த நிலையம், தலா 35 மெகாவாட் கொண்ட நான்கு இயந்திரங்களுடன் 140 மெகாவாட்டாக வளர்ந்தது. பிறகு திறன் கூட்டப்பட்டது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்பு எதுவும் இல்லாதபட்சத்தில், கிடைப்பது ஒரே ஒரு யூனிட். வீட்டில் ஒரு மின்விசிறி ஓரிரு இரவுகள் ஓடுவதற்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டி நீர் அத்தனை உயரத்திலிருந்து இறங்க வேண்டும். நல்லவேளையாக, டர்பைனைச் சுழற்றிய நீர் வீணாவதில்லை. ஆற்றில் இறங்கி, வழியில் சிறு மின்நிலையங்களையும் ஓட்டி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, வைகை அணைக்குப் போகிறது.

காற்றின் கணக்கு இன்னும் கறாரானது. காற்றாலைக்குக் கிடைக்கும் ஆற்றல், காற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 27 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை சுழன்று தள்ளிவிட்டு, மற்ற மாதங்களில் சோம்பிக் கிடக்கின்றன.

சிக்கல் இங்கேதான். காற்றும் நீரும் ஒரே பருவத்தை நம்பியிருப்பதால் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே போகின்றன. சீசனில், தேவை குறைந்த நள்ளிரவில், மின்சாரம் மிஞ்சிக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நிலைகூட வருகிறது. ஏப்ரல் மாதத்து மாலையில் ஊரே மின்விசிறி போடும்போதோ அனல்மின் நிலையங்கள்தான் கைகொடுக்கின்றன.

பருவம் தடுமாறினால்?

வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்று சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கும், இல்லாவிட்டால் காயும். இரண்டையும் பார்த்திருக்கிறோம். 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2018 ஆகஸ்ட் 15இல் முல்லைப் பெரியாறு அணை, உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடியைத் தொட்டது. ஒரே மூச்சில் வரும் வெள்ளத்தைச் சுரங்கம் கொள்ளாது. உபரி, மதகு வழியே இடுக்கிப் பக்கம் போகும். நமக்கு அது மின்சாரமும் ஆகாது, நெல்லும் ஆகாது.

ஆகவே மிஞ்சும்போது சேமித்து, தேவைப்படும்போது எடுக்க வேண்டும். அதற்கான பழகிய வழி நீரேற்று புனல் மின்நிலையம்: மிஞ்சிய மின்சாரத்தால் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி, மாலையில் திறந்துவிடுவது. 100 யூனிட் போட்டால் 75 முதல் 80 யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1987 முதல் இருக்கிறது.

புதிய நிலையங்களுக்கு மின்வாரியம் பார்த்துவைத்த இடங்களில், சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச்செல்லும் மேகமலையின் மணலாறும் ஒன்று. அங்கே அணைகள் ஏற்கெனவே உண்டு. இரவங்கலாறு அணை நீர்தான் குழாயில் இறங்கி, 35 மெகாவாட் சுருளியாறு நிலையத்தை ஓட்டுகிறது. ஆனால் சுற்றிலும் இருப்பது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வைகை பிறக்கும் மலைக்காடும் அதற்குள்தான். பெய்த மழையைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடுவது அந்தக் காடு. சுரங்கம், சாலை, மின்பாதை என்று அதைத் துண்டாக்கினால், நீரைச் சேமிக்கப் போய் நீரின் ஊற்றையே இழப்போம்.

எனவே வரிசை முக்கியம். பகலில் மிகுதியாகக் கிடைக்கும் சூரிய மின்சாரத்துக்கு ஏற்ப பம்ப்செட்டுகளைப் பகலிலேயே ஓட்டுவது முதல் வேலை. அதற்குப் புது அணை வேண்டாம். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைக்க ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, அது இரண்டாவது. துணைமின் நிலையங்களில் பேட்டரி, காடம்பாறை போன்ற பழைய நிலையங்களின் முழுப் பயன்பாடு ஆகியவை அடுத்தவை. இத்தனையும் செய்தபிறகும் போதாவிட்டால் மட்டுமே மலைக்காட்டைப் பற்றிப் பேச வேண்டும். காட்டை அழித்து எடுக்கும் மின்சாரத்தைப் பசுமை மின்சாரம் என்று சொல்ல முடியாது.