வாசகர் சொன்ன சொல்

தர்மபுரி மண்ணைப் பற்றிய பழைய நூல் ஒன்றின் முழுப்படி இன்று யாரிடமும் இல்லை. 'தகடூர் யாத்திரை' என்பது அதன் பெயர். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. அதியமானின் தகடூர்க் கோட்டை மீது பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்த போரைச் சொன்ன நூல் அது. பாட்டும் உரைநடையும் விரவி எழுதப்பட்டது என்பதைத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். ஏடுகள் அழிந்துவிட்டன. ஆனாலும் அதன் பாடல்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. 'புறத்திரட்டு' என்ற தொகைநூலைச் சேர்த்தவர் தமக்குப் பிடித்த பாடல்களை அதிலிருந்து எடுத்து எழுதி வைத்தார். நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டினார்கள். இவர்கள் எல்லோரும் முதலில் வாசகர்கள். இந்தப் பாட்டு நன்றாயிருக்கிறது, இது இன்னொருவருக்கும் தெரிய வேண்டும் என்று அவர்கள் நினைத்ததால்தான் அந்த நூலில் இந்த அளவாவது மிஞ்சியது.

புத்தகத்தைப் பற்றி வாசகர் சொல்லும் கருத்தைப் பொழுதுபோக்குப் பேச்சாக ஒதுக்குகிறவர்கள் உண்டு. தமிழ் நூல்களின் வரலாறு அப்படி ஒதுக்க விடுவதில்லை. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க, கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போனார். முன்சீப்புக்கு நிறைவு வரவில்லை. இவற்றால் என்ன பயன், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற பொருளில் கேட்டார். கேட்டதோடு விடாமல் படியும் தேடிக் கொடுத்தார். அதன் பின்னர் 1887இல் சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் ஐயரின் பதிப்பாக வந்தன. முன்சீப் தமிழ்ப் புலவர் வேலையில் இருந்தவர் அல்ல. பழைய நூல்களில் ஈடுபாடு கொண்ட, தமக்கென்று ஓர் அபிப்பிராயம் வைத்திருந்த வாசகர்.

இன்றைய தர்மபுரி அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமானது. அதன் தென்மேற்கு ஓரத்தில், பென்னாகரம் வட்டத்தில், காவிரியை ஒட்டிய பகுதி ஏரியூர். நாகமரை, ஒட்டனூர் என்று ஆற்றோர ஊர்கள் இதன் பக்கத்தில். எதிர்க்கரையில் பண்ணவாடி. நடுவில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. மேட்டு நிலங்களில் கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை. மழை ஏமாற்றினால் பெங்களூரு, திருப்பூர் என்று வேலை தேடிப் புறப்படும் குடும்பங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 சதவீதம். தர்மபுரி மாவட்டத்துக்கு 68.5. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு, இங்கே புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்பது அவசரம். சேலம், தர்மபுரிப் பக்கம் தெருக்கூத்தின் பூமி. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார், இரவில் கூத்து. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கர்ண மோட்சத்தை ஆண்டுதோறும் பார்த்து, இந்தக் கூத்து ஜமா கட்டியது போன வருஷத்தைவிட மட்டம் என்று வெடுக்கெனச் சொல்லிவிடுவார். கதை தெரிந்தது, ஆகவே அவர் எடைபோடுவது சொல்லும் விதத்தை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்கக் கூடாது, அழ வேண்டிய இடத்தில் கட்டியக்காரன் சிரிப்பு மூட்டலாமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதற்கு இலக்கிய விமர்சனம் என்ற பெயரை யாரும் கொடுக்கவில்லை. விமர்சனத்தின் அடிப்படை வேலை முழுக்க அதில் இருக்கிறது.

அந்தக் காது அச்சுப் புத்தகத்தின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய கேள்வி. திரும்புவதற்கான வழிகள் இப்போது கூடியிருக்கின்றன. 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்த பத்துப் புதிய கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று ஏரியூருக்குக் கிடைத்தது. தகடூர் புத்தகப் பேரவையின் முயற்சியில் தர்மபுரியில் புத்தகத் திருவிழா நடக்கிறது. பொது நூலகங்களைப் பொறுத்தவரை ஒரு செய்தியை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட மாநிலப் பொது நூலகச் சட்டங்களில் சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் முன்னோடி. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஊர்ப்புற நூலக அலமாரியில் இருக்கும் புத்தகம் அந்த ஊர்க்காரர் காசில் வந்தது. அது எப்படி இருந்தது என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

வாசகர் சொன்னதைக் கேட்டு எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் சுமார் மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வந்து முடிந்தபோது, சட்டென்று நின்றுவிட்டதே, இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, சரித்திரக் கதைக்கும் சமூகக் கதைக்கும் முடிவில் உள்ள வேறுபாட்டை விளக்கி, பாத்திரங்களின் பிற்காலத்தையும் சொல்லிச் சமாதானப்படுத்தினார். இன்றும் நூலின் கடைசியில் அந்த முடிவுரை இருக்கிறது. ஐந்து பாகத்தை ஒரே மூச்சில் படிப்பவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாசகர் மன்றத்தில் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது அதுதான்.

ஜெயகாந்தன் விஷயம் வேறு மாதிரி. 1966இல் ஆனந்த விகடனில் வந்த அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' கதையில், ஏமாற்றப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். கண்டித்தும் பாராட்டியும் கடிதங்கள் குவிந்தன. முடிவை மாற்றி வேறு கதை எழுதியவர்களும் உண்டு. ஜெயகாந்தன் தம் கதையைத் திருத்தவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பைக் கதைப்பொருளாக எடுத்துக்கொண்டார். தாய் ஏற்காமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலாகவே எழுதினார். அது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. கோபமாக எழுதப்பட்ட கடிதங்கள் இல்லையென்றால் கங்கா என்ற அந்தப் பாத்திரம் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்க வாய்ப்பில்லை.

எல்லாக் கோபமும் இப்படி விளைச்சல் தருவதில்லை. ஏரியூருக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் வாசகர்கள் அதைப் படித்தார்கள், பேசினார்கள். 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பிப் படிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் எழுதுவதையே விட்டுவிட்டதாக ஆசிரியர் அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, படிக்க யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடலாம் என்ற நிலையை எடுத்து, எழுத்தாளர் மீண்டும் எழுத வழிசெய்தது. ஒரு நாவலின் நாலு பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கைக்குக் கை கொடுத்தால் கிடைப்பது வாசகர் கருத்து ஆகாது. முழுதும் படித்துவிட்டு, இது எங்கள் ஊரைத் தவறாகச் சொல்கிறது என்று ஒருவர் வாதாடினால் அதற்கு மதிப்பு உண்டு. ஆசிரியரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

பாமாவின் 'கருக்கு' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1992இல் அது வந்தபோது, எங்களைப் பற்றி இப்படியெல்லாம் வெளியே எழுதலாமா என்று அவருடைய ஊர்க்காரர்களே ஆத்திரப்பட்டார்கள். சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமா பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஊரின் படித்த இளைஞர்கள் புத்தகத்தைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டிப் புரியவைத்த பிறகு நிலைமை மாறியது. புத்தகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. கேள்விப்பட்டதை வைத்துக் கோபித்தவர்கள், காதால் கேட்ட பிறகு வேறு முடிவுக்கு வந்தார்கள். அச்சு வாசிப்பு குறைவாக உள்ள ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது: உரக்கப் படித்துக் காட்டினால் ஊரே வாசகர் ஆகும்.

உரக்கப் படிக்கும் பழக்கம் பள்ளிகளில் மறுபடி தலைகாட்டியிருப்பது மகிழ்ச்சி தரும் செய்தி. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் முதல் கட்டமாக 53 சிறு நூல்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஒரு குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைவிட, அதனால் எவ்வளவு சரளமாகப் படிக்க முடிகிறது என்பதே எந்தப் படியில் தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. பாடப்புத்தகத்துக்குக் கேள்வி பதில் உண்டு. இந்தப் புத்தகங்களுக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை உண்டு. நாய்க்குட்டி கடைசியில் வீட்டுக்கு வந்திருக்கலாம் டீச்சர் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது கதையின் முடிவைப் பற்றிய அபிப்பிராயம். அதைத் தவறு என்று திருத்தாமல், ஏன் என்று கேட்கத் தெரிந்த ஆசிரியர் அமைந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் வாசகர்.

பெரியவர்களின் சிக்கல் வேறு. புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்டால், நல்லாருந்துச்சு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மரியாதைக்காகச் சொல்வதும் உண்டு, வேறு சொல் கிடைக்காமல் சொல்வதும் உண்டு. எந்தப் பக்கத்தில் அலுத்தது, யார் மேல் கோபம் வந்தது, எந்த இடத்தில் பொய் என்று பட்டது என்று கேட்டுப் பார்த்தால் பேச்சு தானாக வரும். முதல் ஐம்பது பக்கம் இழுக்குது, அப்புறம் கீழே வைக்க முடியல. முடிவு எனக்கு ஒப்பலை. அந்தத் தாத்தா பாத்திரம் எங்க பெரியப்பா மாதிரியே. இப்படி வரும் சொற்களில் புத்தகம் தெளிவாகத் தெரியும். எழுபது வயது விவசாயியும் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவியும் ஒரே நாவலைப் படித்துவிட்டு உட்கார்ந்தால், அவர்களுக்குள் கருத்து ஒத்துப்போகாது. ஒத்துப்போகாமல் இருப்பதற்காகத்தான் கூட்டம். திருநெல்வேலியில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி கம்பனைக் கொண்டாடியது. ரசிகமணி எனப்பட்ட அவரே, இந்தச் செய்யுள் கம்பன் பாடியதாக இருக்காது என்று தமக்குச் சரியாகப் படாதவற்றைத் துணிந்து ஒதுக்கவும் செய்தார். அறிஞர்கள் பலர் அதை ஒப்பவில்லை. அந்தத் துணிவும் அந்த மறுப்பும் சேர்ந்துதான் அந்தக் காலத்தில் கம்பனைப் பேச்சில் வைத்திருந்தன.

ஏரியூர்ப் பக்கத்து வாசகருக்கு ஓர் அனுகூலம் உண்டு. சில புத்தகங்களை இவர்கள் மற்றவர்களைவிடக் கூர்மையாகச் சோதிக்க முடியும். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்த நாவல். சத்தியமங்கலம் பக்கத்து மலைகளில் வீரப்பன் வேட்டையின்போது சோளகர் மக்கள் பட்ட பாட்டைச் சொல்வது. சென்னை வாசகருக்கு அது செய்தியில் படித்த காலத்தின் கதை. பென்னாகரம், ஏரியூர்க் காட்டோர ஊர்களில் அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர்களுக்கு அதிரடிப்படை என்ற சொல்லே போதும், நினைவு கிளம்பிவிடும். அவர்கள் அந்த நாவலைப் படித்துச் சொல்வதில் நூலாசிரியருக்கும் தெரியாத செய்தி இருக்கலாம்.

அதேபோல 'நடந்தாய் வாழி காவேரி'. சிட்டியும் தி. ஜானகிராமனும் குடகிலிருந்து கடல் வரை காவிரியோடு பயணம் செய்து எழுதியது. 1971இல் வாசகர் வட்டம் வெளியிட்டது. லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய அந்தப் பதிப்பகம் உறுப்பினர்களைச் சேர்த்து, அவர்களுக்காகவே தேர்ந்தெடுத்த நூல்களைப் போட்டது. தஞ்சாவூர்க்காரருக்கு அந்த நூலில் வரும் காவிரி வயலுக்குப் பாயும் ஆறு. நாகமரைக்காரருக்கு அதே காவிரி ஊர்களை விழுங்கிய ஆறு. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது பழைய ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வந்துவிடுகின்றன. ஏரியூரில் ஒரு வாசகர் கூட்டம் தொடங்கினால் முதல் மாதத்துக்கு இந்தப் பயண நூல் பொருந்தும். அணையின் மேல்கரையைப் பற்றி அதில் என்ன இருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று பரிசலில் தினமும் ஆற்றைக் கடப்பவர்களே சொல்லட்டும். சொன்னதைக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வைத்தால், அடுத்து அந்தப் புத்தகத்தை எடுப்பவர் இரண்டையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.