காத்திருப்போருக்கு ஒரு நாள் குறிக்கப்பட வேண்டும்

பரீட்சை எழுதுவதிலும் பார்க்க அதன் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பதே கடினம் என்பதை நம் நாட்டு மாணவரும் பெற்றோரும் நன்கறிவர். மருத்துவ, பொறியியல் பீட அனுமதி தாமதமானால் நாடே பேசுகின்றது. ஆனால், மெய்யியலில் பட்டம் பெற்று, பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் ஓர் இளைஞனையோ யுவதியையோ பற்றி எவரும் பேசுவதில்லை. அவர் குச்சவெளி போன்றதொரு கரையோரப் பிரதேசத்தவராயின் அக்காத்திருப்பு எத்தகையது என்பதை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில் அமைந்தது குச்சவெளி. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்து, கடலையும் வயலையும் நம்பிச் சீவிக்கும் மண் அது. யுத்தத்தின் இடப்பெயர்வையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட மண்ணுமாகும். இத்தகைய பிரதேசங்களின் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர வகுப்பில் கலைப்பிரிவைத் தவிர வேறு தெரிவு இருப்பதில்லை. அங்கு ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடமே மெய்யியலுக்கான முதல் வாசலாக அமைகின்றது.

அந்த வாசலைக் கடப்பதற்கே முதற் காத்திருப்பு வேண்டியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலேயே நடைபெற்றது. வரிக் கொள்கைக்கு எதிரான தொழிற்சங்க நடவடிக்கை காரணமாகப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்து விலகி நின்றனர். பெறுபேறுகள் செப்டெம்பரிலேயே வெளிவந்தன. அதற்கு முன்னர், 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களுக்கு ஒன்றாகக் கணிக்கப்பட்ட இஸட் புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012 ஜூனில் இரத்துச் செய்து, மீளக் கணிக்குமாறு பணித்தது. அதுவரை காத்திருந்த மாணவர்கள் மீண்டும் காத்திருக்க நேர்ந்தது. அவர்களின் தவறு எதுவும் இதில் இல்லை.

இதனைக் கடந்து, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தையும் பெற்றவருக்கு முன்னால் இரண்டாவது வாசல் நிற்கின்றது. முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கு உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், மெய்யியல் கலாநிதிப் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் முடிவடைகின்றன. பெயர்பெற்ற துறை ஒன்றுக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வருகின்றன. உள்ள இடங்களோ பெரும்பாலும் பத்துக்குட்பட்டவை. கட்டண விலக்கும் வாழ்க்கைப் படியும் சேர்த்து வழங்கப்படுவதாலேயே இடங்கள் இவ்வாறு மட்டுப்படுத்தப்படுகின்றன.

விடை தாமதிப்பதற்கும் காரணம் உண்டு. திறமை மிக்க ஒருவருக்கு நான்கைந்து பல்கலைக்கழகங்கள் இடமளிக்கக் கூடும். அவர் ஒன்றைத் தெரிவு செய்து ஏனையவற்றைக் கைவிடும்வரை அவ்விடங்கள் முடங்கிக் கிடக்கின்றன. அவர் விலகிய பின்னரே காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு அழைப்புச் செல்லும். இதற்கென அமெரிக்கப் பட்டப்பின் கல்வி நிறுவனங்களின் பேரவை ஓர் இணக்கப்பாட்டைப் பேணி வருகின்றது. அதில் இணைந்த பல்கலைக்கழகங்கள் நிதியுதவியுடன் வழங்கும் இடத்துக்கு ஏப்ரல் 15ஆம் திகதிக்கு முன்னர் பதிலளிக்குமாறு மாணவரை நிர்ப்பந்திக்க முடியாது. சித்திரைப் புத்தாண்டையொட்டி வரும் அந்நாளில் பலரின் தலைவிதி ஒரே நேரத்தில் தீர்மானமாகின்றது. எனவே, மார்ச்சு முடிந்தும் விடை வரவில்லை என்பதனால் இடமில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. போதிய ஆதாரமின்றி முடிவுக்கு வராதிருக்கவே அளவையியல் நமக்குக் கற்பிக்கின்றது.

ஆயினும், காத்திருப்பின் சுமை எல்லோருக்கும் ஒன்றல்ல. விண்ணப்பக் கட்டணமாக 100 டொலர் கோரப்படுமாயின், அது 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 ரூபாவாக இருந்தது. இரண்டே மாதங்களில் அது 36,000 ரூபாவாயிற்று. ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு வேறு செலவு. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை பத்து இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு அமைதியாக இருக்கலாம். கடற்றொழிலாளியின் பிள்ளைக்கு ஒன்றிரண்டு விண்ணப்பங்களே இயலும். விடை வருமுன் ஆண் பிள்ளை மத்திய கிழக்குக்கு விமானம் ஏறிவிடுகின்றான். பெண் பிள்ளைக்கோ, தமிழ் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகின்றது. நாள் தெரிந்தால் ‘அதுவரை பொறுங்கள்’ என்று பெற்றோரிடம் கேட்கலாம். நாள் தெரியாதவர் எதைச் சொல்லிக் கேட்பது?

மெய்யியல் படித்து என்ன பயன் என்று கேட்போரும் உளர். இரு சமூகங்களுக்கும் இது அந்நியமான அறிவன்று. மணிமேகலைக் காப்பியம் அளவை நெறிகளைத் தமிழில் பேசியது. இமாம் கஸ்ஸாலியும் இப்னு றுஷ்தும் மெய்யியலின் எல்லை பற்றி நிகழ்த்திய விவாதம் உலக அறிவு வரலாற்றின் ஓர் அத்தியாயம். நம் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சோ. கிருஷ்ணராஜாவும் பேராதனையில் பேராசிரியர் எம்.எஸ்.எம். அனஸும் இத்துறையைத் தமிழில் வளர்த்தனர். அடுத்த தலைமுறை பட்டப்பின் கல்விக்குச் செல்லாவிடின் நாளை குச்சவெளிப் பாடசாலையில் அளவையியல் கற்பிக்கும் ஆசிரியரை யார் உருவாக்குவது?

வெளியுலகிலும் வாசல்கள் ஒடுங்கி வருகின்றன. சிக்காகோ பல்கலைக்கழகம் தனது கலை, மானிடப்பண்பியல் துறைகள் பலவற்றில் அடுத்த கல்வியாண்டுக்கான கலாநிதி மாணவர் அனுமதியை நிறுத்துவதாகவோ குறைப்பதாகவோ 2025இல் அறிவித்தது. ஆகவே, உள்நாட்டுப் பட்டப்பின் கல்வியின் பொறுப்பு மேலும் கூடுகின்றது. ஆனால், நமது பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் பொதுவான விடை நாள் என்று ஒன்று இல்லை.

விண்ணப்பித்த அனைவருக்கும் இடம் வழங்குமாறு நாம் கோரவில்லை. அது இயலாதது. விண்ணப்பம் கோரும் அறிவித்தலிலேயே முடிவு தெரிவிக்கப்படும் நாளும் குறிக்கப்பட வேண்டும், தெரிவாகாதோருக்கும் கடிதம் அனுப்பப்பட வேண்டும், வசதியற்றோருக்குக் கட்டண விலக்கு வழங்கப்பட வேண்டும் என்றே வேண்டுகின்றோம். இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மனம் வைத்தால் ஒரு சுற்றறிக்கையே போதும். மறுப்பைக்கூட உரிய நாளில் அறிந்துகொள்பவர் வேறு வழி தேடிக்கொள்வார். விடையே இல்லாதவர் தமது இளமையின் பெறுமதி மிக்க ஆண்டுகளை வீணே இழக்கின்றார். அந்த ஆண்டுகளை எவராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதைச் சம்பந்தப்பட்டோர் மனங்கொள்வார்களாக.