உஷார்! ஓடைக்கரை டென்ட்டில் ராத்தங்கப் போகிறீர்களா?

‘ரிவர் சைடு கேம்ப், போன்ஃபயர், இரண்டு வேளைச் சாப்பாடு, தலைக்கு இவ்வளவு’ என்ற விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். படத்தில் தேவதாரு மரங்கள், பின்னால் பனிச்சிகரம், நுரைத்து ஓடும் நீர். நீரிலிருந்து நாலடி தள்ளி வரிசையாக மஞ்சள் டென்ட்டுகள். இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், பார்வதி ஆறு ஓடும் கசோல், மணிகரண் பக்கமும், தீர்த்தன், சைஞ்ச் பள்ளத்தாக்குகளிலும் இப்படிப்பட்ட முகாம்கள் நிறைய. தமிழ்நாட்டிலிருந்து கல்லூரிப் பிள்ளைகளும் ஐ.டி. நண்பர் கூட்டங்களும் டெல்லி போய் ராத்திரி பஸ் பிடித்து அங்கே இறங்குகிறார்கள்.

போகட்டும். மலையையும் ஆற்றையும் பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படத்தில் அழகாகத் தெரியும் அந்த நாலடி இடைவெளிதான் ஆபத்து. முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வானம் வெளுத்திருக்கும், வெள்ளம் வரும்

‘மழை வந்தால் எழுந்து போய்விடலாம்’ என்பதுதான் எல்லோரும் போடும் கணக்கு. தப்புக் கணக்கு. மலை ஓடையில் வரும் வெள்ளத்துக்கு உங்கள் தலைமேல் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. மேலே பத்து கிலோமீட்டருக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒரு முகட்டில் பெய்தால் போதும். குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை இழுத்துப்போனது. வெள்ளம் மேலே மலையிலிருந்து வந்தது; கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஓட நேரமில்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலை. இமயமலையில் சரிவு இன்னும் செங்குத்து, மண் இன்னும் தளர்வு.

மேகவெடிப்பு என்று செய்தியில் சொல்கிறார்களே, அதற்கு இந்திய வானிலை ஆய்வு மையம் வைத்திருக்கும் அளவுகோல் இது: 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை. 20 சதுர கிலோமீட்டருக்கே கணக்குப் போட்டாலும் 200 கோடி லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகளில் ஏற்றினால் ஒன்றரை லட்சம் லாரிக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதி, சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து வழிந்து, உங்கள் டென்ட்டுக்குப் பக்கத்தில் ஓடும் அந்தக் குறுகலான நாலாவில்தான் இறங்கியாக வேண்டும். நாலா என்றால் அங்கே பக்கவாட்டு மலையிலிருந்து பெரிய ஆற்றில் வந்து விழும் சிற்றோடை. மற்ற நாளில் தாண்டிக் குதித்துவிடலாம். அதனால்தான் யாரும் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

2022 ஜூலை 6 அதிகாலை, மணிகரண் பக்கத்தில் சோஜ் கிராமத்தில் நடந்தது இதுதான். நாலாவில் திடீரென்று வெள்ளம் வந்து முகாம் இடத்தையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. சிலர் காணாமல் போனார்கள். ஊர் எழுந்து டீ போடும் நேரம். முகாமில் இருப்பவர்கள் நல்ல தூக்கத்தில் இருக்கும் நேரம்.

வருவது வெறும் தண்ணீர் இல்லை

ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அரையடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் வளர்ந்த ஆளையே தடுமாறி விழவைத்துவிடும். இரண்டடி ஓடினால் பெரும்பாலான கார்கள் மிதந்து போய்விடும். அதோடு இமயத்து வெள்ளத்தில் சேறும் மரத்தடியும் பாறையும் கலந்து வரும். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசமெல்லாம் அங்கே இல்லை. பனி உருகிய நீரின் குளிரில் மூச்சு திணறும், கைகால் சீக்கிரமே மரத்துப்போகும்.

2025 ஆகஸ்ட் 5 அன்று உத்தரகாண்டின் தராலியில் கீர் கங்கா ஓடை சில நொடிகளில் ஓட்டல்களையும் கடைகளையும் சேற்றுக்குள் புதைத்தது. எதிர்க்கரையில், மேட்டிலுள்ள முக்பா ஊர்க்காரர்கள் வெள்ளம் இறங்குவதைப் பார்த்து விசிலடித்தார்கள், கத்தினார்கள். அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழே ஓடியவர்கள் எவ்வளவு சின்ன தூரத்தில் தப்பும் வாய்ப்பைத் தவறவிட்டார்கள் என்று. இன்னொன்றையும் கவனியுங்கள். கங்கோத்ரி அம்மனைப் பனிக்காலத்தில் எழுந்தருளச் செய்யும் பழைய ஊரான முக்பா மேட்டில் இருக்கிறது. யாத்திரைப் பாதையை நம்பி வளர்ந்த ஓட்டல்கள் ஓடை கொண்டுவந்து கொட்டிய மண்மேல் இருந்தன.

ஓடை மலையிலிருந்து சமவெளியில் இறங்கும் இடத்தில் விசிறிபோல விரிந்து கிடக்கும் அந்த மண்மேடு, டென்ட் அடிக்க வாகாக, சமமாக இருக்கும். அதைச் சமமாக்கியது பழைய வெள்ளங்கள். ஸ்பெயினில் பைரனீஸ் மலையடிவாரத்தில் பியெஸ்காஸ் என்ற ஊரில் இதே மாதிரி விசிறிமேட்டில் ஒரு முகாம் இருந்தது. முறையாக அனுமதி வாங்கிய முகாம். 1996 ஆகஸ்ட் 7 மாலை ஓடை பொங்கி 87 பேர் இறந்தார்கள். ஆகவே ‘லைசென்ஸ் இருக்கு சார்’ என்ற பதிலோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

மழையே இல்லாமலும் ஆறு ஏறும்

2014 ஜூன் 8. ஐதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் மண்டி அருகே தலௌட் என்ற இடத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் போய்விட்டார்கள். குலு பகுதியின் பெரிய ஆறுகள் பலவற்றில் நீர்மின் திட்டங்கள் இருக்கின்றன. பார்வதி ஆற்றிலேயே மேலே பர்ஷைனி பக்கம் அணை இருக்கிறது. அணையிலிருந்து எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அது என்ன சத்தம் என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், கரையேறிவிட்டு விசாரியுங்கள்.

அணையில்லாத ஓடையும் தினமும் ஏறி இறங்கும். வெயிலில் உருகும் பனி, பிற்பகலிலும் மாலையிலும்தான் கீழே வந்து சேரும். காலையில் கணுக்கால் அளவில் தாண்டிப்போன ஓடை, மாலை திரும்பும்போது முழங்காலைத் தாண்டியிருக்கலாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் சீக்கிரம் திரும்புங்கள். இருட்டியபின் கடக்கவே வேண்டாம்.

டென்ட் போடும் இடத்தை நீங்களே பாருங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிய வேண்டியது ஆற்றில் இல்லை, நீங்கள் படுக்கப்போகும் தரையில். பையை இறக்கும் முன் பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.

தரையில் கிடக்கும் கற்களைப் பாருங்கள். முனை மழுங்கி, கூழாங்கல்லாக, வழவழவென்று இருந்தால் அங்கே ஆறு ஓடியிருக்கிறது. டென்ட்டுக்குப் பக்கத்துப் புதரை நோக்குங்கள். கிளைகளில் காய்ந்த புல், சுள்ளி, கிழிந்த பிளாஸ்டிக் பை எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே பக்கமாகச் சிக்கியிருக்கிறதா? போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறது. அது உங்கள் இடுப்பு உயரத்தில் இருந்தால், படுத்திருக்கும்போது உங்களுக்குமேல் எவ்வளவு தண்ணீர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றிலும் பெரிய மரங்கள் இருக்க, முகாம் இடத்தில் மட்டும் இளஞ்செடியும் புல்லுமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். வெள்ளம் அடிக்கடி வழித்துவிடும் இடமாக இருக்கலாம்.

பிறகு ஊரைப் பாருங்கள். பழைய மரவீடுகளும் கோயிலும் எந்த உயரத்தில் இருக்கின்றன? ஊரார் எல்லோரும் மேட்டில் குடியிருக்க, வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் பள்ளத்தில் பாய் விரித்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

முகாம்காரரிடம் கேட்க வேண்டியது

போனிலேயே கேளுங்கள், பணம் கட்டுவதற்கு முன்:

1. ஆற்றிலிருந்து டென்ட் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்? தூரத்தைவிட உயரம் முக்கியம்.
2. 2023 ஜூலை வெள்ளத்தில் இந்த இடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? அந்த ஆண்டு பியாஸும் பார்வதியும் பொங்கியதை அங்கே யாரும் மறந்திருக்க முடியாது. ‘ஒண்ணும் ஆகல சார்’ என்று மட்டும் பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.
3. ராத்திரி முழித்திருந்து ஆற்றைப் பார்க்க ஆள் உண்டா?
4. மேட்டுக்கு ஏறும் பாதை எது? இருட்டில், ஓடையைக் கடக்காமல் அங்கே போக முடியுமா?
5. போன் சிக்னல் எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். ஆற்றோர டென்ட்டுக்குக் கூடுதல் காசு வாங்குவார்கள். நீங்கள் மேல்வரிசையைக் கேட்டு வாங்குங்கள். ஆற்றின் சத்தம் அங்கேயும் கேட்கும்.

ராத்திரி என்ன செய்ய வேண்டும்

அந்தச் சத்தத்திலும் ஒரு சங்கடம் உண்டு. ஓடையின் இரைச்சலில் தூரத்து வெள்ளத்தின் ஓசை அமுங்கிப்போகும். ஆகவே கண்ணையும் நம்புங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மண்வாடை அடித்தால், பாறை உருளும் உறுமல் கேட்டால், உடனே மேலே ஏறுங்கள். நீர் திடீரெனக் குறைந்தாலும் ஏறுங்கள். மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம். அது உடையும்போது மொத்தமாக வரும்.

பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள், காரை எடுக்கப் போகாதீர்கள். 1976 ஜூலை 31 இரவு அமெரிக்காவின் கொலராடோவில் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தில் 144 பேர் இறந்தார்கள். வண்டியில் தப்பப் பார்த்த பலர் சாலையோடு போனார்கள். அதன்பின் அந்த மலைச்சாலைகளில் ‘வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்பியுங்கள்’ என்று பலகை வைத்தார்கள். 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸின் குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்தில் சுமார் 26 அடி ஏறியது. கரையிலிருந்த கோடை முகாமில் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். முன்னேறிய நாட்டிலேயே இந்தக் கதி.

தூங்கும் முன்: ஷூவை டென்ட்டுக்குள் வையுங்கள். டார்ச், போன், அடையாள அட்டை, மாத்திரை எல்லாம் ஒரு சின்னப் பையில் தலைமாட்டில் இருக்கட்டும். டென்ட்டின் ஜிப்பை இருட்டில் ஒருமுறை திறந்து பாருங்கள். பதற்றத்தில் அதுவே சிக்கும். மேட்டுப் பாதையில் வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை ஏறி இறங்குங்கள். குழந்தைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்னொரு எமன், கணப்பு. குளிருக்கு அடுப்புக்கரியையோ கேஸ் ஹீட்டரையோ மூடிய டென்ட்டுக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில் ஓட்டல் அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டு பேர், அவர்களில் குழந்தைகளும் உண்டு, எழுந்திருக்கவே இல்லை.

எப்போது போகவே கூடாது

இமாச்சலத்தில் ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை ராஃப்டிங்கும் பாராகிளைடிங்கும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. படகு விடவே ஆகாது என்று அரசு சொல்லும் ஆற்றின் கரையில் நீங்கள் மட்டும் படுத்துத் தூங்கலாமா? அதற்கு முன்னாலும் பத்திரம் என்று நினைக்காதீர்கள். 2025-ல் ஜூன் 25 அன்றே சைஞ்ச் பக்கம் வெள்ளம் வந்துவிட்டது. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை ஓடைக்கரை முகாம் வேண்டவே வேண்டாம்.

மற்ற மாதங்களில் போனாலும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. எந்த ஊர், எந்த முகாம், எத்தனை நாள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மண்சரிவில் பாதை மூடினால் இரண்டு மூன்று நாள் கூடுதலாகும். அதற்கான மாத்திரையும் கைக்காசும் இருக்கட்டும்.

இப்போதே முன்பதிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே முகாம்காரரைக் கூப்பிட்டு, மேட்டிலுள்ள இடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மறுத்தால் முன்பணம் போனால் போகட்டும் என்று ரத்து செய்துவிடுங்கள். பகலெல்லாம் ஆற்றங்கரையில் உட்காருங்கள்; படுக்க மட்டும் மேட்டுக்குப் போய்விடுங்கள்.