தீபாவளி லேகியமும் நாட்டுச்சர்க்கரையும்: பருவகாலப் பண்டங்கள் குறித்துச் சில விளக்கங்கள்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் சாலையிலும் கூட்டம் பெருகுவதைப் போலவே, சர்க்கரை நோய்ப் பிரிவில் ஒரே வகையான கேள்விகளும் பெருகுகின்றன. தீபாவளி லேகியம் சாப்பிடலாமா? ‘சர்க்கரை இல்லாத’ இனிப்பு எவ்வளவு சாப்பிடலாம்? நாட்டுச்சர்க்கரையில் செய்த கச்சாயம் கெடுதல் செய்யுமா? ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சில நிமிடங்களில் சொல்லி முடிக்க இயலாதவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பருவத்தை வைத்து உணவை விற்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவில் இலையுதிர் காலம் நெருங்கும்போது ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்ற பெயர் எல்லாக் கடைகளிலும் தென்படும். பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றைப் பொடித்துக் கலந்த மசாலா அது. பூசணிக்காய்ப் பணியாரத்துக்காக அந்நாட்டு வீடுகளில் பயன்பட்டு வந்தது. 2003இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அந்த மணத்துடன் ஒரு காபியை விற்கத் தொடங்கிய பிறகு அதுவே ஒரு பருவத்தின் அடையாளமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2015 வரை அந்தக் காபியில் பூசணிக்காயே கிடையாது. மெழுகுவத்தி முதல் நாய் பிஸ்கட் வரை எல்லாவற்றிலும் இந்த மணம் ஏறியதைக் கண்டு மக்கள் கேலி செய்தனர். டின்னில் அடைத்த இறைச்சி விற்கும் ஸ்பேம் நிறுவனம், தானும் பூசணி மசாலா இறைச்சி விற்கப் போவதாக 2017இல் நகைச்சுவையாக அறிவித்தது. 2019இல் அதை உண்மையாகவே தயாரித்து விற்றும்விட்டது. கேலி விளம்பரமாகி, விளம்பரம் விற்பனையாகிவிட்டது.

ஒரு மருத்துவராக எனக்கு அக்கறை உள்ள இடம் வேறு. அந்தக் காபியின் ஒரு பெரிய கோப்பையில், பாலில் இயல்பாக உள்ளதையும் சேர்த்து, சுமார் 50 கிராம் சர்க்கரை இருந்தது. மசாலாவோ ஒரு சிட்டிகை. பெயரும் மணமும் மசாலாவினுடையவை. உடலுக்குள் பெருமளவில் செல்வது சர்க்கரை. நம் தீபாவளிப் பண்டங்கள் பலவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் திரிகடுகம் என்பர்; அப்பெயரிலேயே பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலும் உண்டு. இவற்றோடு கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா சேர்த்து இடித்து, வெல்லப் பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் தேனும் விட்டு இறக்குவது தீபாவளி லேகியம். அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் நெல்லிக்காய் அளவு உண்பது மரபு. நெய்ப் பலகாரங்களும் மழைக்காலக் குளிரும் சேரும் நாளில் வயிற்றுக்கு இதமளிக்கும் ஒன்றை முன்கூட்டியே உண்பதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சுக்கு குமட்டலைத் தணிப்பதற்கு ஆய்வுச் சான்றுகளும் உள்ளன. பத்து கிராம் உருண்டையில் பாதி வெல்லம் எனக் கொண்டால், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் பண்டிகையன்று ஒருமுறை அவ்வளவு உண்பதால் பெரிய தீங்கு நேராது.

சிக்கல் தொடங்குவது கடைப் புட்டியில்தான். அது தீர்ந்துபோகும்வரை தினமும் காலையும் மாலையும் ஒரு கரண்டி உண்பவர்கள் உண்டு. ‘மருந்துதானே’ என்ற எண்ணம் அளவை மறக்கச் செய்கிறது. லேகியம் உண்டுவிட்டால் எத்தனை இனிப்பும் செரித்துவிடும் என்ற துணிவையும் அது தருகிறது. செரிமானம் வேறு, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது வேறு. நன்றாகச் செரித்த இனிப்புதான் ரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருளுக்கு இன்னொரு குணம் உண்டு. குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது ஓரளவு மந்தப்படுத்துகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்காயிற்று. மஞ்சளுக்கு நடப்பது மாத்திரைகளுக்கும் நடக்கலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரொப்ரனலால் ஆகியவற்றின் அளவு இவ்வாறு உயர்வது மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ரசத்தில் இடும் மிளகைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரகம் அல்லது கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், வலிப்பு மருந்து உண்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்கள் ஆகியோர் லேகியத்தைத் தொடர்ந்து உண்பதற்குமுன் தங்கள் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். சில தயாரிப்புகளில் அதிமதுரம் சேர்க்கிறார்கள். அது தொடர்ந்து உட்சென்றால் ரத்த அழுத்தம் உயர்ந்து, பொட்டாசியம் குறையும். புட்டியின் மேல்சீட்டைப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது நாட்டுச்சர்க்கரை. கொங்கு நாட்டில் இதைக் குறைத்துப் பேசுவது எளிதன்று. கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே செல்வதாயிற்றே! “வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி ரெண்டு வருசமாச்சுங்க; இப்ப எல்லாமே நாட்டுச்சர்க்கரைதானுங்க” என்று பெருமையோடு சொல்லும் பெரியவர்களின் பரிசோதனைச் சீட்டில் மூன்று மாதச் சராசரி ஏறியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். சுவையிலும் மணத்திலும் நாட்டுச்சர்க்கரை உயர்ந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதில் சிறிது இரும்புச்சத்தும் பிற தாதுக்களும் உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் இதுவே பொருந்தும். கணையத்துக்கு நிறம் தெரியாது.

‘சர்க்கரை இல்லாதது’, ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ ஆகிய இரண்டு சொற்களும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மிகாத பண்டத்தையே ‘சர்க்கரை இல்லாதது’ என்று சொல்லலாம். ‘சேர்க்கப்படாதது’ என்றால் தனியாகச் சர்க்கரை இடவில்லை என்பது மட்டுமே. பேரீச்சையும் அத்தியும் அரைத்துச் செய்த உருண்டையில் பழத்தின் சர்க்கரை நிறையவே இருக்கும். முதல் வகையிலும் கடலை மாவு, முந்திரி, பால்கோவா, நெய் ஆகியவை இருக்கவே செய்யும். சில இனிப்புகளில் இடப்படும் மால்டிடால், சர்க்கரையில் ஏறத்தாழப் பாதியளவுக்கு ரத்தச் சர்க்கரையை உயர்த்துவதோடு, அதிகம் உண்டால் வயிற்றுப் பொருமலும் பேதியும் தரும். என் பரிந்துரை சிலருக்கு வியப்பளிக்கலாம்: ‘சர்க்கரை இல்லாத’ இனிப்பு ஆறு துண்டு உண்பதைவிட, பிடித்த மைசூர்பாகு அரைத் துண்டை உணவோடு சேர்த்து உண்பது மேல். தீபாவளி மலர்களின் நகைச்சுவைத் துணுக்குகளில் வரும் மைசூர்பாகைப் போல் சுத்தியலால் உடைக்க வேண்டியதாக இருந்தால் இன்னும் நல்லது. அதிகம் உண்ண முடியாது.

பட்டைத் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரையைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டுப் பலர் தினமும் குடிக்கின்றனர். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மாத்திரைக்கு மாற்றாக அதை ஏற்க இயலாது. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா என்ற வகை. அதில் உள்ள குமரின் என்ற பொருள் மிகுந்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேரலாம். 2006இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், கிறிஸ்துமஸ் காலத்துப் பட்டை பிஸ்கட்டுகள் குறித்து இதே காரணத்துக்காக எச்சரித்தது. 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் 2 கிராமுக்கு மேல் கேசியாப் பட்டைப் பொடி உண்ணாமலிருப்பது நலம். அது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவு. மெல்லிய சுருளாக இருக்கும் இலங்கைப் பட்டையில் குமரின் மிகச் சொற்பம்.

இனிப்பைவிட எனக்கு அதிக அச்சம் தருவது பண்டிகையை ஒட்டி வரும் விரதங்கள். தீபாவளி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு. மறுநாளே கந்த சஷ்டி தொடங்கிவிடும். மருதமலைக்கு வேண்டிக்கொண்டு ஆறு நாளும் ஒருவேளை மட்டும் உண்போர் பலர். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நோயாளர் நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். விரதம் முறிகிறதே என்று தயங்க வேண்டாம். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்பவர்கள் விரதத்துக்கு முன்பே எங்களிடம் கேளுங்கள். நீண்ட பட்டினியில் அது ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டக்கூடும்.

பூசணியைப் பற்றித் தொடங்கியதால் நம் அரசாணிக்காயைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அமெரிக்கர் காபிக்குப் பெயராக வைத்திருக்கும் அந்த மஞ்சள் பூசணி, இங்கே பொரியலாகவும் கூட்டாகவும் நேரடியாகவே தட்டுக்கு வருகிறது. நூறு கிராமில் முப்பது கலோரி கூட இல்லை; வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் நிறைய உண்டு. வெல்லம் இடாமல் சமைத்தால் சர்க்கரை நோயாளர்கள் ஒரு கிண்ணம் தயங்காமல் உண்ணலாம். பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளர்கள் மட்டும், சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளித்துக்கொள்ள வேண்டும்.