கோடை உழவில் ஆட்காட்டி முட்டைகளைக் காப்போம்

தூத்துக்குடி வட்டாரத்தில் கண்மாய்க் கரை, தரிசு நிலம், உப்பளத்தை ஒட்டிய வெளி ஆகிய இடங்களில் ஆட்காட்டிப் பறவையைக் காணலாம். ஆள் வந்தாலும் நாய் வந்தாலும் உரக்கக் கத்திக் காட்டிக் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. ஆப்பிரிக்காவின் நீர்நிலைகளில் இதன் இனத்தைச் சேர்ந்த பறவை ஒன்று உண்டு. கொல்லன் சுத்தியலால் தட்டுவது போல அது ஒலி எழுப்பும்.

நம் பகுதியில் இருவகை ஆட்காட்டிகள் உண்டு. கண்ணுக்கு முன்னே சிவப்புச் சதை உடையது சிவப்பு மூக்கு ஆட்காட்டி. இது தண்ணீரை ஒட்டி வாழும். மஞ்சள் சதை தொங்குவது மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. இது வறண்ட மேட்டு நிலத்தை விரும்பும்.

வண்டு, கறையான், எறும்பு, புழு, நத்தை ஆகியவையே இவற்றின் இரை. நிலா வெளிச்சத்திலும் இரை தேடும். வயலில் பூச்சிகளைத் தின்று குறைக்கும் இப்பறவை, கூலி கேட்காத காவலாளி எனலாம்.

இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் சிறு கற்களும் ஆட்டுப் புழுக்கையும் வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். முட்டைகள் மண் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் இருப்பதால் எளிதில் கண்ணில் படா. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். கடும் வெயிலில் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். பொரித்த குஞ்சுகள் விரைவில் எழுந்து நடந்து, தாமே இரை பொறுக்கும்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும் காலம். சித்திரை, வைகாசி மாதங்களில் பெய்யும் மழையைக் கொண்டு செய்யும் கோடை உழவு இக்காலத்தில்தான் வருகிறது. மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு அழிய இவ்வுழவு அவசியமே. ஆனால் டிராக்டரில் இருப்பவர் கண்ணுக்கு முட்டை தெரியாது. ஒரே சாலில் நான்கும் நசுங்கிவிடும்.

எனவே உழுமுன் நிலத்தை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினாலோ, சிறகு ஒடிந்தது போல் நடித்து ஓடினாலோ அருகில் முட்டையோ குஞ்சோ உண்டு என அறியவும். முட்டையைக் கையால் தொட வேண்டாம். இடம் மாற்றவும் வேண்டாம். கூட்டை ஒட்டிக் குச்சி நட்டால் காக்கையும் நாயும் கண்டுகொள்ளும். சில அடி தள்ளி அடையாளம் வைத்து, கூட்டைச் சுற்றிச் சிறு திட்டை உழாமல் விடலாம். குஞ்சுகள் வெளியேறிய பின் அதையும் உழுதுகொள்ளலாம்.

விதைப்பு புரட்டாசியில்தான் என்பதால், மானாவாரி விவசாயிக்கு இதனால் நட்டம் ஏதுமில்லை.